தண்ணி ஏறும் வரைக்கும்

இருமல் நின்றுபோயிருந்தது. வெந்நீர் டம்ளரோடு உள்ளே வந்த அஞ்சலாட்சிக்கு முதலில் உறைத்தது அதுதான், ஆள் போய்விட்டார் என்பது அதற்குப் பிறகுதான். தேசப்பன் சீக்காளியாகி உட்கார்ந்த நாளிலிருந்து அந்த இருமல் இந்த வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியிருந்தது. அவர் இருமுவார், இவள் திட்டுவாள். இருமு, நல்லா இருமு, பீடி இழுக்கறப்ப இனிச்சுதுல்ல என்பாள். அவர் பதிலுக்கு இன்னொரு தரம் இருமுவார், அதற்கும் ஒன்று வாங்கிக்கொள்வார். சுவரோடு சுவர் ஒட்டின காலனி வீடுகள், ஒரு வீட்டில் அப்பளம் நொறுக்கினால் அடுத்த வீட்டில் கேட்கும், ஆகையால் புருஷன் பெண்டாட்டி இருவரும் சேர்ந்து ராத்திரியும் பகலும் நடத்தின இந்தக் கச்சேரியைத் தெரு முழுக்கச் சகித்துக்கொண்டுதான் தூங்கியது. இப்போது தலையணைகளை அடுக்கிச் சாய்த்த இடத்தில் அவர் சாய்ந்திருந்தார், வாய் கொஞ்சம் திறந்து, மடியில் பாதிக் கஞ்சியோடு கிண்ணம். கையைத் தொட்டாள். மூக்கருகே விரலை வைத்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, அழுவதற்கென்று வாயைத் திறந்தாள். அப்போதுதான் வெளியே தெருவில் ஆம்பளைகள் வலையைத் தூக்கிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. தண்ணி ஏற ஆரம்பிச்சிட்டு, சுருக்கா வாங்கடா என்று யாரோ சிரித்துக்கொண்டே சொன்னார்கள். புயல் கூண்டு இறங்கியபின் இந்தத் தெருவில் கேட்ட முதல் சிரிப்பு அது. அஞ்சலாட்சி முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு, சுவரில் முதுகைத் தேய்த்தபடி தரையில் உட்கார்ந்தாள்.

வெள்ளிமேட்டுக்குப்பத்தில் சாவு விழுந்தால் படகு கிளம்பாது. எழுதி வைத்த சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் எழுதி வைத்த சட்டத்தை மீறினவர்கள் இந்த ஊரில் உண்டு, இதை மீறினவர் கிடையாது. கூப்பாடு காதில் விழுந்துவிட்டால் கட்டின கயிற்றை அவிழ்க்கக் கூடாது, பிணத்தை எடுக்கிறவரைக்கும் கடலில் கால் நனைக்கக் கூடாது. நனைத்தால் கடல் பார்த்துக்கொள்ளும் என்பார்கள், எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று யாரும் கேட்டதில்லை. புயல் வருது புயல் வருது என்று துறைமுகத்தில் கூண்டு ஏற்றி, வராத புயலுக்கு ஊரே கரையில் குந்திக் கிடந்து, ரேஷன் அரிசியை வெறும் ரசத்தில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், நேற்றுத்தான் கூண்டை இறக்கினார்கள். கானாங்கத்தை மீன் மந்தை மந்தையாகக் கீழே போகிறது என்று காலையிலிருந்து பேச்சு. நாளைக்கு மறுபடி கூண்டு ஏறுமாம், அடுத்த காற்றழுத்தம் அந்தமானுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டதாம், ரேடியோவில் சொன்னானாம். ஆக இருப்பது இன்றைய சாயங்காலமும் ராத்திரியும் மட்டும்தான். முகத்துவாரத்து மணலைத் தாண்ட வேண்டுமானால் ஆற்றில் தண்ணி ஏற வேண்டும், அதற்காகத்தான் அத்தனை படகும் துடித்துக்கொண்டு நிற்கிறது. அது ஏறுகிற வரைக்கும் நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அவ்வளவுதானே, என்று அஞ்சலாட்சி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெரிய வேலை ஒன்றும் இல்லை. சும்மா இருக்கிற வேலை. ஆனால் பிறந்ததிலிருந்து அவள் செய்யாத ஒரே வேலை அதுதான்.

சும்மா இருக்கவும் விடவில்லை அந்த உடம்பு. உட்கார்ந்தபடி போனவர் உட்கார்ந்தபடியே விறைத்துவிடுவார், அப்புறம் பாடையில் எப்படிக் கிடத்துவது. இதெல்லாம் நாலு பேர் சேர்ந்து செய்கிற காரியம், ஒருத்தி தலையைப் பிடிக்க, ஒருத்தி காலைப் பிடிக்க, நடுவில் இருக்கிறவள் அழ. அஞ்சலாட்சி ஒருத்தியாகவே தலையணைகளை ஒவ்வொன்றாக உருவினாள், அக்குளில் கை கொடுத்து இழுத்தாள், பாதியில் அவர் பாரம் தாங்காமல் அவரோடு சேர்ந்து தானும் சரிந்தாள். ஒரு நொடி அவர் மேலேயே கிடந்தாள். சூடு இன்னும் இருந்தது. படுத்தால் மூச்சு முட்டும் என்று வருஷக்கணக்காகப் படுக்காத மனுஷன், இப்போதுதான் முதுகைத் தரையில் வைக்கிறார், அதற்குச் சந்தோஷப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் கண்ணை மூடிவிட்டாள். பழைய வேட்டியின் கரையைக் கிழித்து, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். துணி கிழிகிற சத்தம் இவ்வளவு பெரிதாக இருக்குமென்று நினைக்கவில்லை, கிழிப்பதை நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டு, மறுபடி மெல்லக் கிழித்தாள். தாடையைச் சேர்த்து உச்சியில் முடிச்சுப் போட்டபோது, பல்வலிக்காரர் மாதிரி இருந்தார். சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகை வந்துவிடும் என்று அதையும் முந்தானையோடு சேர்த்துக் கடித்துக்கொண்டாள். தலைமாட்டில் விளக்கு வைக்க வேண்டும். பட்டப்பகலில் விளக்கு ஏற்றினால் சன்னல் வழியாகப் பார்க்கிறவளுக்கு வேறு சேதி வேண்டியதில்லை. இருட்டில் கிடந்துக்க, கொஞ்ச நேரம் இருட்டில் கிடந்துக்க என்று மனசுக்குள் அவரிடம் சொன்னாள்.

அவர் ஒத்துக்கொள்வாரா. அதுதான் முள்ளாகக் குத்தியது. ஊரில் யார் போனாலும் தலைத்துண்டை உருவிக்கொண்டு கரைக்கு ஓடுகிற முதல் ஆள் தேசப்பன்தான். மணல்மேட்டில் ஏறி நின்று துண்டை வீசுவார், போன படகெல்லாம் திரும்பும். இவள் கல்யாணமாகி வந்த புதிதில், மாரியம்மன் திருவிழாவில் வளையல் விற்க வந்தவள் ஒருத்தி வெயிலில் சுருண்டு விழுந்து செத்துப்போய்விட்டாள். எந்த ஊரோ, என்ன பெயரோ. அழ ஆள் இல்லை. கூப்பாடு கேட்டால்தானே சாவு, கேட்கவில்லையே, ஆகையால் கடலுக்குப் போகலாம் என்று பஞ்சாயத்தார் நாசூக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தேசப்பன் விடுவிடுவென்று வீட்டுக்கு வந்து, மஞ்சள் காயாத இவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்த வளையல்காரி பக்கத்தில் உட்கார வைத்து, அழு என்றார். எப்படி அழுவாள். ஊரே பார்க்கிறது, புருஷன் முகத்தைக்கூட இன்னும் சரியாகப் பார்த்ததில்லை. அம்மா வீட்டை நினைத்துக்கொண்டாள், அழுகை வந்தது, வந்தது நிற்காமல் வந்தது. அன்றைக்குப் படகு கிளம்பவில்லை. ஊர் அவளைக் கறுவியது, நல்ல மருமக வந்தா, வந்ததும் ஒலையை அவிச்சா என்றார்கள். அந்த அஞ்சலாட்சிதான் இது. பேர் தெரியாதவளுக்குத் தொண்டை கிழிய அழுதவள், தாலி கட்டினவருக்கு வாயில் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எந்தக் கோயிலில் போய்ச் சொல்வது இதை.

அவர் ஒரு தரம் சொன்னார், சீக்காகி உட்காருவதற்கு முன்னால், வலை பின்னிக்கொண்டே. "கடலுக்குப் போறவனுக்கு என்னாடி சொந்தம். படகு ஒருத்தனுது, இஞ்சின் ஒருத்தனுது. அவன் போற அன்னிக்கு அத்தன படகும் கரையில நிக்கும் பாரு, அந்த ஒரு நாள்தான் அவனுது." சொல்லிவிட்டுத் தன் நாளைத் தானே வந்து பார்க்கப் போகிறவர் போலச் சிரித்தார். நாளைக்கும் படகு நிற்கும்தான். கூண்டு ஏறினால் தானாக நிற்கும். ஆனால் அது காற்றுக்கு நிற்கிறது, இவருக்கு நிற்காது. அந்த வித்தியாசம் ஊருக்குத் தெரியாமல் போகலாம், இவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வாயைத் திற, அஞ்சலாட்சி. யார் இவர்கள் உனக்கு. இவர் சீக்கில் விழுந்தபின் எந்த ஆம்பளை வாசலில் வந்து உட்கார்ந்து பேசினான். கைமீன் என்று கரையேறும் படகெல்லாம் சீக்காளி வீட்டுக்கு ஒரு பிடி கொடுக்கிற வழக்கம் உண்டு, கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லக்கூடாது, கொடுத்ததில் பாதி வயிறு உடைந்தது. பூனைக்குப் போடுவதை நமக்குப் போட்டிருக்கான் பாரு என்று அவள் ஏசுவாள், மீன் மீன்தான்டி, அலசிட்டு வை என்பார் அவர். அலசி வைத்தாள். சாப்பிட்டார்கள். வயிறு உடைந்த மீனைத்தான் சாப்பிட்டார்கள், ஆனால் பட்டினி கிடக்கவில்லை. அங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றது அவள் கோபம். கோபப்படலாம் என்று கிளம்பினால் நடுவழியில் இப்படி யாராவது ஒரு பிடி மீனோடு வந்து நிற்கிறார்கள்.

பக்கத்து வீட்டில் மலர்க்கொடியின் குழந்தை சிணுங்கியது. சத்தம் போடாத, இரு என்று மலர்க்கொடி அதட்டுவது கேட்டது. பசியாக இருக்கும். இந்நேரத்துக்கு அங்கே தாளிக்கிற வாசனை வரும், வெறும் கடுகும் கறிவேப்பிலையுமானாலும் தெருவையே கூப்பிடுகிற மாதிரித் தாளிப்பாள் அவள், இன்றைக்கு ஒன்றும் வரவில்லை. எண்ணெய் தீர்ந்திருக்கும், பாவம். அவளுக்கும் இவளுக்கும் குழாயடிச் சண்டையில் பேச்சு நின்று, எப்போது ஆரம்பித்தது என்றுகூட மறந்துபோய், வேண்டியபோது பேசிக்கொண்டு வேண்டாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடுகிறது காலம். அவள் புருஷன் சிலம்பரசனுடைய இஞ்சின் அடகிலிருந்து மீண்டு வந்ததே முந்தாநாள்தான். அவன் போகட்டும். அந்தக் குழந்தைக்காகவாவது போகட்டும். இப்படி நினைத்த மாத்திரத்தில் இன்னொரு நினைப்பு அடியிலிருந்து எழும்பியது, அது நினைப்பில்லை, பயம். தீட்டோடு போகிறார்களே. எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் போகிறவனை விட்டுவிடுமா கடல். ஒரு படகு திரும்பவில்லையென்றால், ஒரே ஒரு படகு, அப்போது நான் செய்தது நல்லதா. ஊர் சோறு தின்னட்டும் என்று நினைத்தவள், ஊர் தாலியை அறுத்தவள் ஆகிவிட மாட்டேனா. இதெல்லாம் சும்மா சொல்கிறது, கடலுக்குக் காது இருக்கிறதா என்று தேற்றிக்கொண்டாள். இல்லையென்றால் இத்தனை வருஷம் அவர் ஏன் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார் என்று உடனே தோன்றியது. போனால் தப்பு, நிறுத்தினால் பட்டினி. அழுதாலும் பாவம் அழாவிட்டாலும் பாவம் என்று ஆகிவிட்ட பிறகு மனுஷி என்னதான் செய்வாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அந்த அமைதி அவளுக்குப் பட்டது. வீடு இவ்வளவு சத்தமில்லாமல் இருந்ததே கிடையாது. எனக்கே காதில் அறைகிறதே, தெருவுக்குக் கேட்காதா. இருமல் எங்கே என்று எவளாவது நினைத்துவிட்டால் முடிந்தது. நினைப்பாள், மலர்க்கொடி நினைப்பாள், அவள் காது பாம்புக் காது. அஞ்சலாட்சி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, இருமினாள். அவருடைய இருமல். வறட்டு இருமல் இரண்டு சின்னதாக, பிறகு அடியிலிருந்து இழுத்து ஒரு நீளமானது, கடைசியில் காறுகிற மாதிரி ஒரு இழுப்பு. படிக்காமலே மனப்பாடம் ஆகியிருந்தது. எவ்வளவு சரியாக வந்ததென்றால் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது, திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கட்டின தாடையோடு அவர் அப்படியே கிடந்தார். வெளியே ஒன்றும் ஆகவில்லை. கோழி ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, நம்பிவிட்டார்கள் என்று அஞ்சலாட்சி நினைத்தாள், அப்படி நினைத்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இத்தனை குடும்பத்தின் அடுப்பும் என் ஒருத்தி தொண்டையில் இருக்கிறது, ஒருவருக்கும் தெரியாது. தெரியவேண்டாம். இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை, இது நானும் இவரும் மட்டும் செய்த காரியமாக இருக்கட்டும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இருமினாள். இந்தத் தரம் கண்ணில் தண்ணி வந்தது, இருமினால் வரத்தானே செய்யும் என்று துடைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. பட்டன் போன், மாடத்தில் கிடந்து அதிர்ந்தது. மகள்தான், இந்துமதி, ஆற்றுக்கு அக்கரைக் குப்பத்தில் கட்டிக்கொடுத்தது, பேசினால் ஒரு தெரு தள்ளிக் கேட்கிற குரல். எடுக்காவிட்டால் அடித்துக்கொண்டே இருப்பாள், அதுவும் பலிக்காவிட்டால் கிளம்பி வந்துவிடுவாள். அஞ்சலாட்சி எடுத்தாள். என்னம்மா பண்ற, சாப்டியா, அப்பா சாப்டாரா என்று மகள் வழக்கமான கேள்விகளை வழக்கமான வரிசையில் கேட்டாள். அப்பாவிடம் கொடு என்றாள். தூங்குகிறார் என்றாள் இவள். இருமல் சத்தமே காணோமே என்று மகள் ஆச்சரியப்பட்டாள். "நல்லாத் தூங்குறாராம்மா?" என்று கேட்டபோது அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை இவளால் தாங்க முடியவில்லை. "நல்லாத் தூங்குறாரு," என்றாள். எழுப்பாதே, தூங்கட்டும், நாளைக்கு வந்து பார்க்கிறேன், இவரும் படகு தள்ளப் போயிருக்காரு, விடிஞ்சா கானாங்கத்தை கொண்டாறேன், அப்பாவுக்குக் குழம்பு வச்சுக்கொடு என்றாள் மகள். இவரும். மருமகன் சேகரன். அட பாவி, அவனை எப்படி மறந்தேன். மாமனார் செத்துக் கிடக்கையில் கடலுக்குப் போகிற மருமகன், ஊர்க்காரனுக்குத் தீட்டு ஒரு மடங்கு என்றால் அவனுக்கு மூன்று மடங்கு. கடல் பார்த்துக்கொள்வதாக இருந்தால் முதலில் அவனைத்தான் பார்க்கும். மாப்பிள்ளையை இன்னிக்குப் போக வேணாம்னு சொல்லு என்ற வார்த்தை நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. கெட்ட கனாக் கண்டேன் என்று சொன்னால் போதும், மகள் நிறுத்திவிடுவாள். ஒரு வார்த்தை. தன் பிள்ளையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை பேசக்கூடாதா ஒருத்தி. பேசலாம், யார் வேண்டாமென்றது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் மலர்க்கொடி இருக்கிறாளே, அவளிடம் யார் சொல்வது அந்த வார்த்தையை. போனால் ஆபத்து என்றால் எல்லோரையும் நிறுத்து, ஆபத்து இல்லையென்றால் எல்லோரையும் விடு, என் மருமகன் மட்டும் கரையில், அவள் புருஷன் மட்டும் கடலில் என்றால் அதற்குப் பேர் வேறு. அந்தப் பேரோடு நாளைக்கு அவள் குழந்தை முகத்தைப் பார்க்க முடியாது. "என்னம்மா, லைன்ல இருக்கியா?" என்றாள் மகள். இருக்கிறேன் என்றாள் அஞ்சலாட்சி. பத்திரமாப் போயிட்டு வரச்சொல்லு என்றாள். வைத்தபிறகு போனை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சில் அழுத்திக்கொண்டாள். இந்த மகள் இதை மன்னிக்கமாட்டாள். அப்பன் செத்துக் கிடக்கையில் தூங்குறாருன்னு சொன்னியே என்று ஆயுசுக்கும் கேட்பாள், கேட்க வேண்டியதுதான், நானாக இருந்தாலும் கேட்பேன்.

பிறகு நேரம் எப்படிப் போனதென்று தெரியவில்லை. சன்னல் வெயில் அவர் முழங்காலிலிருந்து இறங்கிப் பாதத்துக்குப் போயிருந்தது. ஈ வந்தது, முந்தானையால் விசிறினாள். விசிறிக்கொண்டே கரைப்பக்கம் காதை வைத்திருந்தாள். முதல் இஞ்சின் கிளம்பியது. இந்தத் தெருப் பெண்களுக்கு இஞ்சின் சத்தத்தை வைத்தே படகைச் சொல்லத் தெரியும், இது பஞ்சாயத்தார் வீட்டுப் படகு, இது தொண்டை கட்டின மாதிரி இருமிக்கொண்டு போகும் வேலவன் படகு. ஒவ்வொன்றாக ஆற்றை இழுத்துக்கொண்டு முகத்துவாரம் போய், மணலைத் தாண்டும்போது ஒரு தரம் உறுமி, கடலில் விழுந்ததும் மெலிந்தது. ஒன்று போக ஒன்று போக அஞ்சலாட்சிக்கு நெஞ்சு லேசாவதற்குப் பதில் கனத்துக்கொண்டே வந்தது. இன்னும் கூப்பிடலாம். துண்டை எடுத்துக்கொண்டு ஓடினால் இன்னும் திரும்பும், அவர் மணல்மேடு அங்கேயேதான் இருக்கிறது. கடைசியாகச் சிலம்பரசன் இஞ்சின். இழுத்தான், பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தான். பிடிக்காதே, தாயே, ஒரு படகாவது இவருக்காக நின்றது என்று இருக்கட்டும் என்று வேண்டினாள், வேண்டின வாய் மூடுவதற்குள் அந்தக் குழந்தை மறுபடி சிணுங்கியது, பிடிச்சுக்க, பிடிச்சுக்க என்று வேண்டுதலைத் திருப்பினாள். எந்த வேண்டுதலுக்கோ, பிடித்தது. போனது. உறுமியது. மெலிந்தது. அதற்கப்புறம் அலைதான்.

இப்போது அழலாம். தடையில்லை. அஞ்சலாட்சி எழுந்து, மரத்துப்போன காலை உதறி, கதவின் தாழ்ப்பாளை நீக்கி, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மூச்சை இழுத்து மறுபடி பார்த்தாள். காற்றுத்தான் வந்தது. இவ்வளவு நேரம் அடக்கி அடக்கி, அது உள்ளேயே எங்கேயோ திரும்பிப் போய்விட்டது போலிருந்தது. பயந்துபோனாள். இனி வராதோ, ஒரு சொட்டு அழுகைகூட இல்லாமல் அனுப்பிவிடுவேனோ. ஊர் என்ன சொல்லும் என்பது போகட்டும், இவர் என்ன நினைப்பார். வளையல்காரிக்கு வந்ததே, எனக்கு வரவில்லையேடி என்று கேட்கமாட்டாரா. கதவு அசைந்தது. மலர்க்கொடி நின்றாள். தலை அவிழ்ந்திருந்தது. உள்ளே கிடந்தவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, இவளையே பார்த்தாள்.

"கடைசிப் படகும் போயிட்டுதுக்கா," என்றாள். "இனிமே அழு."

அஞ்சலாட்சிக்கு அது காதில் விழுந்து மனசில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. எப்போது தெரியும் என்று கேட்டாள். மத்தியானமே தெரியும் என்றாள் மலர்க்கொடி. எப்படித் தெரியும், இருமல் கேட்டதே, நான்தான், என்று இவள் தடுமாறினாள். "இருமல் கேட்டுதுக்கா. அதுக்கு நீ திட்டுறது கேக்கல," என்றாள் மலர்க்கொடி. சொல்லிவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள் அஞ்சலாட்சி. வீட்டுக்கு வீடு வாசலில் பெண்கள் நின்றார்கள், பேசாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. ஒரு கூரையிலும் புகை இல்லை. பிணம் கிடக்கையில் அக்கம்பக்கத்தில் அடுப்பு மூட்டக்கூடாது. மலர்க்கொடி வீட்டில் தாளிக்கிற வாசனை ஏன் வரவில்லையென்பது இப்போது விளங்கியது, எண்ணெய் தீரவில்லை. "ஆம்பளைங்களுக்குத் தெரியாது," என்றாள் மலர்க்கொடி. "நாங்களும் ஒருத்திக்கிட்ட ஒருத்தி சொல்லிக்கல. அவங்கவங்க அடுப்பத் தண்ணி ஊத்தி அணைச்சோம், அவங்கவங்க வூட்டுக்காரர அனுப்பிவச்சோம்." ஒவ்வொருத்தியும் தனித்தனியாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, போனால் தப்பு நிறுத்தினால் பட்டினி என்று தானும் எடை போட்டு, தன் புருஷனையே கடலுக்குத் தள்ளிவிட்டு, இந்த வீட்டில் ஒருத்தி வாயைத் திறந்துவிடுவாளோ மாட்டாளோ என்று காத்திருந்திருக்கிறாள். தான் மட்டும் செய்ததாக ஒன்று இருந்ததே, அந்தச் சின்னப் பெருமையும் போனது. அஞ்சலாட்சிக்குக் கோபம் வந்தது, இன்று முழுக்க வராத நிஜமான கோபம்.

"தெரிஞ்சுகிட்டே உள்ள வராம இருந்தியாடி. ஒத்தையில இழுத்துப் போட்டுக் கால் கட்டினேன்டி."

"வந்தா அழுதிருப்பேன்க்கா," என்றாள் மலர்க்கொடி. நியாயம்தான், அந்த நியாயம்தான் அஞ்சலாட்சியை எரித்தது. அவள் மலர்க்கொடியிடமிருந்து முகத்தைத் திருப்பினாள். திருப்பின கண்ணில் அவர் பட்டார். தாடையைக் கட்டிக்கொண்டு, கால் விரலைக் கட்டிக்கொண்டு, எதற்கும் பதில் சொல்லாமல், வழக்கம்போல. பக்கத்தில் பாதிக் கஞ்சி ஆடை கட்டியிருந்தது. கஞ்சிய முழுசாக் குடிக்க மாட்ட, சொன்னாக் கேக்க மாட்ட, வெந்நி எடுத்தாறதுக்குள்ள அப்படி என்னா அவசரம், இத்தினி வருசம் உக்காந்தே என் உயிர வாங்கினல்ல, இப்ப மட்டும் நீட்டிப் படுத்துக்கத் தெரியுதா, அத்தன படகும் போயிட்டுதுய்யா, எழுந்து போயி நிறுத்தேன், துண்டத் தாரேன், எழுந்து போயேன் என்று அவள் திட்ட ஆரம்பித்தது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று பக்கத்தில் நின்ற மலர்க்கொடிக்கே தெரியவில்லை. அவளும் பிடித்துக்கொண்டாள், வாசல் வாசலாகத் தெரு பிடித்துக்கொண்டது. காற்று கடலிலிருந்து கரைப்பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. படகுகளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது.